ஆழம் பொருந்தியது, நிக்கல் பொருந்தவில்லை: கலப்பு வெல்டிங் சிமுலேஷன் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

லேசரையும் மின்வில்லையும் ஒரே உருகு குளத்தில் சேர்த்து வெல்டிங் செய்யும் முறையை 1970களின் கடைசியில் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஸ்டீனும் அவரோடு வேலைசெய்தவர்களும் தொடங்கிவைத்தார்கள். லேசர் ஆழமாக இறங்கும். ஆனால் இரண்டு தகட்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலே தடுமாறும். மின்வில் கம்பியை உருக்கி அந்த இடைவெளியை நிரப்பும். ஆனால் ஆழம் போகாது. இரண்டையும் சில மில்லிமீற்றர் தள்ளி ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டால் ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்கிறது. ஜேர்மனியின் பாப்பன்பூர்க்கில் உள்ள மயர் வெர்ஃப்ட் கப்பல் தளத்தில் நீண்ட கப்பல் தகடுகள் இந்த முறையில்தான் இணைக்கப்படுகின்றன.

மட்டக்களப்பில் இருக்கும் ஒருவர் இதில் என்ன செய்ய முடியும்? பல கிலோவாட் லேசரில் கைவைக்க வழியில்லை. கணினி இருக்கிறது, இலவச மென்பொருள் இருக்கிறது, கணிதம் தெரியும். இந்த நிகழ்வின் நடுவில் இருக்கும் ஆய்வு மாணவி அப்படித்தான் உள்ளே வந்தார். கல்லடியில் வீட்டிலிருந்தே வேலை. இணை மேற்பார்வையாளர் வெளிநாட்டில். லேசர் இயந்திரமும் பரிசோதனைகளும் அவருடைய ஆய்வுகூடத்தில். உள்ளூர் மேற்பார்வையாளர் ஒருவர் இங்கே. எண்ணியல் பகுதிக்கு ஆலோசனை சொல்ல நான் அழைக்கப்பட்டேன். இடையில் காத்தான்குடியில் ஸ்டெயின்லெஸ் கைப்பிடி, கேற் செய்யும் கடைக்காரர் ஒருவரும் வருகிறார். அவர் இல்லாமல் இந்த ஆய்வின் ஒரு பகுதி நடந்திருக்காது.

கேள்வி இதுதான். தடித்த தகட்டில் கலப்பு வெல்டிங் செய்யும்போது, கம்பியில் இருக்கும் கலப்புத் தனிமங்கள் ஒட்டின் அடிவரை போய்ச் சேருகின்றனவா? மேலே மட்டும் தங்கிவிட்டால், அடிப்பகுதி தகட்டின் இரசாயனத்தோடு மட்டும் வேகமாக உறைந்து கடினமாகிவிடும்; பிளவு தொடங்கும் இடமும் பெரும்பாலும் அதுவே. இது வெளிநாட்டு ஆய்வுகூடத்தின் கேள்வி. மாணவியின் வேலை, உருகிய உலோகம் குளத்துக்குள் எப்படி ஓடுகிறது என்பதைக் கணினியில் கட்டிப் பார்ப்பது.

பரிசோதனை 8 மி.மீ. சாதாரண உருக்குத் தகட்டில் செய்யப்பட்டது. முதல் தொகுதியில் இணைப்பு எதுவும் இல்லை, தகட்டின் மேல் ஒரு வரி மட்டும். 5 கிலோவாட் பைபர் லேசர் முன்னே, 3 மி.மீ. பின்னே மின்வில். வேகம் நிமிடத்துக்கு 1.5 மீற்றர். கம்பி 1.2 மி.மீ. விட்டம், நிமிடத்துக்கு 8 மீற்றர் உள்ளே போகிறது. கம்பி வேண்டுமென்றே 309எல் ஸ்டெயின்லெஸ்: அதில் குரோமியம் 23 முதல் 25%, நிக்கல் 12 முதல் 14%. தகட்டில் நிக்கல் இல்லை என்றே சொல்லலாம். ஆகவே உறைந்த ஒட்டில் எங்கே நிக்கல் தெரிகிறதோ, அங்கே கம்பி உலோகம் போயிருக்கிறது என்று பொருள்.

மாதிரி கட்டிய விதம்

மென்பொருள் ஓப்பன்ஃபோம்; திரவ, வாயு ஓட்டங்களைக் கணக்கிடும் இலவச மென்பொருள். உலோகத்துக்கும் வாயுவுக்கும் இடையிலான பரப்பைப் பின்தொடர ஹேர்ட்டும் நிக்கல்ஸும் 1981இல் தந்த கனவளவுப் பின்ன முறை: கணக்குக்காக இடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு உலோகம் என்று 0 முதல் 1 வரை ஓர் எண். உருகலுக்கும் உறைதலுக்கும் வோலரும் பிரகாஷும் 1987இல் எழுதிய முறை: உறையத் தொடங்கும் கட்டத்தில் ஓட்டத்துக்குத் தடை ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் நின்றுவிடும். கம்பித் துளிகள் மேலிருந்து விழுகின்றன. துளிக் கணக்கு எளிது. கம்பியின் குறுக்குப் பரப்பு 1.13 சதுர மி.மீ., நிமிடத்துக்கு 8 மீற்றர், ஆகவே விநாடிக்கு ஏறத்தாழ 151 கன மி.மீ. உலோகம். துளியின் விட்டம் கம்பியின் விட்டமே என்று எடுத்தால் விநாடிக்கு 167 துளிகள்.

சிக்கல் லேசர் பகுதியில். ஒரு சதுர சென்ரிமீற்றரில் மெகாவாட் அளவில் வலு குவியும்போது இரும்பு கொதித்து ஆவியாகிறது. அந்த ஆவியின் பின்னுதைப்பு உருகிய உலோகத்தைக் கீழே அழுத்தி ஓர் ஒடுங்கிய குழியைத் திறக்கிறது. சாவித்துளை என்று துறையில் சொல்வது அதைத்தான். குழிக்குள் லேசர் சுவரில் பட்டுப் பட்டுத் தெறித்து ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வெப்பத்தை விட்டுச் செல்லும். இதை அப்படியே கணக்குப் பண்ண வேண்டுமென்றால் கதிர் ஒவ்வொன்றையும் பின்தொடர வேண்டும், கட்டம் 0.1 மி.மீ. அளவுக்காவது சிறுக்க வேண்டும்.

மாணவியிடம் இருந்தது இரண்டாம் கையாக வாங்கிய ஒரு வேர்க்ஸ்டேஷன். காலம் 2022. மார்ச் மாதக் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். கணக்கை அடிக்கடி சேமித்து, மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். ஒருமுறை சேமித்துக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய்க் கோப்பு பாழானது. அதற்குப் பிறகு கடைசி இரண்டு சேமிப்பையும் வைத்திருப்பது வழக்கமாயிற்று. தொலைவில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் மாதிரியில் எதை எளிமைப்படுத்துவது என்ற முடிவுகள் பலவற்றை எடுக்கவைத்தது இந்த மின்வெட்டுத்தான். கட்டத்தைப் பாதியாக்கினால் கட்டங்களின் எண்ணிக்கை 8 மடங்கு. பரப்பு இழுவிசை அனுமதிக்கும் நேரப்படியும், அதாவது கணக்கு ஒரு தடவையில் முன்னேறும் நேரமும், 2.8 மடங்கு சுருங்கும். மொத்தத்தில் ஏறத்தாழ 23 மடங்கு வேலை.

ஆகவே 0.2 மி.மீ. கட்டம் தெரிவாயிற்று. கதிர்களுக்குப் பதில், தகட்டுக்குள் கூம்பு வடிவில் வெப்பத்தை நேரடியாக ஊட்டும் எளிய வெப்பமூலம். கூம்பின் உயரமும் உறிஞ்சும் விகிதமும் பரிசோதனைக் குறுக்குவெட்டோடு பொருந்தும்வரை திருகப்பட்டன. இப்படிச் செய்வது துறையில் வழக்கம்தான். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

முதல் பெறுபேறு

பரிசோதனையில் ஊடுருவல் ஆழம் 6.5 மி.மீ.; சிமுலேஷனில் 6.4. மேல் அகலமும் நன்றாகவே ஒத்துப்போனது. இடப்பக்கம் அரித்தெடுத்த குறுக்குவெட்டின் படம், வலப்பக்கம் கணினியின் நிறப்படம்: இரண்டையும் ஒட்டிவைத்தால் மேலே அகன்று கீழே ஒடுங்கும் அந்தக் கிண்ண வடிவம் கோடு தவறாமல் தொடர்ந்தது. வெளிநாட்டு இணை மேற்பார்வையாளருக்கு மிகவும் பிடித்துப்போய், ஒரு கருத்தரங்குக்குச் சுருக்கம் அனுப்பச் சொன்னார். சிமுலேஷனின்படி நிக்கல் குளம் முழுக்க ஏறத்தாழச் சமமாகக் கலந்திருந்தது, அடியில் 2.9%. ‘இந்த நிலைமைகளில் கம்பி உலோகம் அடிவரை சேருகிறது’ என்று சுருக்கத்தின் வரைவில் ஒரு வரி இருந்தது.

படம் அவ்வளவு அழகாகப் பொருந்தும்போது அந்த வரியை யாரும் இரண்டாம் முறை படிக்கமாட்டார்கள். உள்ளூர் மேற்பார்வையாளர் படித்தார். ‘ஆழத்தை நாங்கள்தானே திருகிப் பொருத்தினோம், அது பொருந்தாமல் என்ன செய்யும்? நிக்கலை யாராவது அளந்தார்களா?’ என்று கேட்டார். அதுவரை அளக்கப்படவில்லை. ஆய்வுகூடத்தில் இலத்திரன் நுணுக்குக்காட்டிக்கு வரிசை இருந்தது. அளக்கும்வரை சுருக்கத்தை நிறுத்திவைப்பது என்று முடிவாயிற்று.

நிக்கல் அளவு வந்தபோது

எக்ஸ்-கதிர் நிறமாலை அளவீடு மேலிருந்து கீழாக ஒரே கோட்டில் எடுக்கப்பட்டிருந்தது. மேலே அகன்ற பகுதியில் நிக்கல் ஏறத்தாழ 4.2%. கீழே விரல்போல் ஒடுங்கிய பகுதியில் 0.7%. இரண்டுக்கும் நடுவில் திடீர் இறக்கம். கணினி சொன்ன சமமான கலவைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

முதலில் அளவீட்டிலேயே சந்தேகம் எழுந்தது, அது நியாயமும்கூட. மாணவி அதைத் தீர்த்த விதம் எனக்குப் பிடித்தது. விநாடிக்கு 151 கன மி.மீ. கம்பி உலோகம், இயந்திரம் விநாடிக்கு 25 மி.மீ. நகர்கிறது, ஆகவே குறுக்குவெட்டில் கம்பி உலோகத்தின் பங்கு 6 சதுர மி.மீ. படத்தில் அளந்த மொத்த உருகிய பரப்பு 24. நாலில் ஒன்று கம்பி. கம்பியில் 13% நிக்கல் என்றால் சராசரி 3.3% வர வேண்டும். இனி அளவீட்டைப் பார்ப்போம்: மேல் பகுதி 18 சதுர மி.மீ., அதில் 4.2, கீழ் விரல் 6 சதுர மி.மீ., அதில் 0.7. இரண்டையும் நிறையிட்டுச் சராசரி எடுத்தால் அதே 3.3. கம்பியில் வந்த நிக்கல் முழுவதும் கணக்கில் வந்துவிட்டது. அளவீடு சரி. ஒரு தாளில் பத்து நிமிடத்தில் முடிகிற இந்தக் கணக்கு, எங்கே தேட வேண்டும் என்பதையும் காட்டிவிட்டது.

இப்படியொரு பெறுபேறு புதிதும் அல்ல. தென்கொரியாவின் காயிஸ்ட் நிறுவனத்துக் குழு 2010இல் இதே கேள்வியை, அதாவது கலப்பு வெல்டிங்கில் தனிமங்கள் பரவும் விதத்தை, சிமுலேஷனில் ஆராய்ந்து வெளியிட்டிருந்தது. ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் கத்தயாமா குழுவினர் தங்குதன் துணுக்குகளைக் குளத்தில் விட்டு எக்ஸ்-கதிரில் அவற்றின் பாதையையே படம் பிடித்தார்கள். ஓட்டத்தைச் சரிபார்க்க வேண்டுமென்றால் ஓட்டம் விட்டுச்செல்லும் தடயத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பது துறையில் தெரிந்த விஷயமே.

எடுத்த முடிவுகள்

கைவசம் இரண்டு வழி இருந்தது. ஒன்று, இன்னொரு திருகாணியைச் சேர்ப்பது: கீழ்ப் பகுதியில் பிசுக்குமையைச் செயற்கையாகக் கூட்டினால் நிக்கல் கீழே இறங்காது, கோடு பொருந்திவிடும். கருத்தரங்குத் திகதிக்குள் முடித்துவிடலாம். இரண்டாவது, எங்கே பிழை என்று தேடுவது. முதலாவது வழியை யாரும் வாய்விட்டு ஆதரிக்கவில்லை. ஆனால் மின்னஞ்சல்களில் அது இரண்டு முறை தலைகாட்டியது என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். கடைசியில் சுருக்கத்திலிருந்து நிக்கல் பற்றிய வரியை எடுத்துவிட்டு, ஆழமும் அகலமும் பொருத்தி எடுத்தவை என்ற குறிப்போடு மட்டும் அனுப்பினார்கள். தேடல் தனியாகத் தொடர்ந்தது.

சந்தேகத்துக்குரியவை மூன்று. செலவு குறைந்ததிலிருந்து தொடங்குவது என்று வைத்துக்கொண்டோம்.

முதலாவது, எண்முறைப் பரவல். நிக்கல் செறிவை நகர்த்தும் சமன்பாட்டுக்கு மாணவி பயன்படுத்தியது மென்பொருளின் மாதிரிக் கோப்புகளில் இருந்த முதல்வரிசை மேலோட்ட முறை, அதாவது ஓட்டம் வரும் பக்கத்துக் கட்டத்தின் அளவையே எடுத்துக்கொள்ளும் முறை. உறுதியானது, கணக்கு வெடிக்காது. ஆனால் கூர்மையான எல்லையை அழித்துப் பூசிவிடும். எவ்வளவு பூசும் என்பதைக் கணிக்கலாம்: ஓட்டத்தின் வேகத்தையும் கட்டத்தின் அளவையும் பெருக்கி இரண்டால் வகுத்தால் போதும். விநாடிக்கு அரை மீற்றர், 0.2 மி.மீ. என்றால், அந்த முறை தானாகச் சேர்க்கும் பரவல் எண் விநாடிக்கு 0.00005 சதுர மீற்றர். உருகிய இரும்பில் நிக்கலின் உண்மையான பரவல் எண் இதைவிட ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு சிறியது. அதாவது சிமுலேஷனில் நிக்கல் கலந்ததில் பெரும்பங்கு குளத்தில் நடக்கவே இல்லை, கட்டங்களுக்கு நடுவில் நடந்தது. எல்லையைக் காக்கும் இரண்டாம்வரிசை முறைக்கு மாறியதும் அடியில் நிக்கல் 2.9இலிருந்து 2.0க்கு இறங்கியது. மாற்றியது ஒரேயொரு வரி.

2.0 இன்னும் 0.7 ஆகவில்லை. இரண்டாவது சந்தேகம், வெப்பமூலம். இங்கேதான் விஷயத்தின் மையம். கூம்பு மூலம் வெப்பத்தைத் தகட்டுக்குள் நேரே வைக்கிறது. ஆகவே ஆழம் வந்துவிடுகிறது. ஆனால் சாவித்துளை என்ற வெற்றிடம் அதில் சரியாகத் திறக்கவே இல்லை; மேலே ஒரு சின்னக் குழி மட்டும். அதன் கீழே அகலமான, சூடான, நிதானமாக உறையும் திரவம். உண்மையில் அப்படி இல்லை. லேசர் கடந்துபோன இடத்தில், 3 மி.மீ. பின்னால் வரும் வில்லின் துளி விழ 0.12 விநாடி ஆகும். அதற்குள் கீழ் விரலில் இருக்கும் மெல்லிய திரவம் இரண்டு பக்கச் சுவரிலும் வெப்பத்தை இழந்து உறையத் தொடங்கிவிடும். துளி வந்து சேரும்போது கீழே போகும் வழி அடைபட்டுக்கொண்டிருக்கும். கூம்பு மாதிரியில் அந்த வழி நெடுநேரம் திறந்தே கிடந்தது. ஆழம் சரியாக வந்ததற்கும் நிக்கல் பிழையாக வந்ததற்கும் காரணம் ஒன்றேதான்.

ஆகவே கதிர்ப் பின்தொடர்தலும் ஆவியின் பின்னுதைப்பும் சேர்க்கப்பட்டன. 23 மடங்கு வேலையைக் கல்லடியில் செய்ய முடியாது. வெல்டிங் கோட்டை ஒட்டிய ஒடுங்கிய பட்டையில் மட்டும் 0.1 மி.மீ. கட்டம், மற்ற இடத்தில் பழையது. ஓட்டம் வெளிநாட்டுக் கணினித் தொகுதியில். இதன்பிறகு அடியில் நிக்கல் 0.8. எல்லோருக்கும் மூச்சு வந்தது.

ஆனால் மேல் அகலம் இப்போது கூடிவிட்டது. மூன்றாவது சந்தேகத்தை அதனால் விட முடியவில்லை.

காத்தான்குடிக் கடையில்

உருகிய இரும்பின் பரப்பு இழுவிசை சூடேற ஏறக் குறையும். அதனால் குளத்தின் மேல்பரப்பு நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுபட்டுக் குளம் அகன்று ஆழம் குறையும். தூய இரும்புக்கு இது சரி. கந்தகமோ ஒட்சிசனோ கொஞ்சம் இருந்தால் நிலைமை தலைகீழாகும் என்று ஹைப்பிளும் ரோப்பரும் 1982இல் காட்டினார்கள்: ஓட்டம் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்து கீழே பாயும். சாகூ, டெப்ராய், மக்னாலன் ஆகியோர் 1988இல் அதற்கு ஒரு சூத்திரமும் தந்தார்கள். மாணவியின் கோப்பில் இருந்தது தூய இரும்பின் மாறிலி. பரிசோதனைத் தகட்டின் ஆலைச் சான்றிதழில் கந்தகம் 0.012% என்று இருந்தது.

சூத்திரத்தை அப்படியே போட்டுவிடலாம். ஆனால் மூன்று விஷயங்களை ஒன்றாக மாற்றி ஒரே படத்தோடு ஒப்பிட்டால் எது எதைச் சரிசெய்தது என்று தெரியாது. லேசரும் துளியும் இல்லாத, பரப்பு இழுவிசை மட்டும் பேசும் ஒரு பரிசோதனை வேண்டும். அசையாத டிக் வில்லால், அதாவது உருகாத தங்குதன் முனையிலிருந்து ஆர்கனுக்குள் எரியும் மின்வில்லால், தகட்டில் ஒரு பொட்டு உருக்குவது அப்படிப்பட்டது. அதற்கு வேண்டியது டிக் இயந்திரமும் ஆர்கனும். ஸ்டெயின்லெஸ் கைப்பிடி செய்கிற எந்தக் கடையிலும் அவை உண்டு. பரிசோதனைத் தகட்டின் வெட்டுத் துண்டுகள் சில தபாலில் வந்துசேர்ந்தன.

கடைக்காரருக்கு 309 கம்பி பழக்கமானது. ‘சில்வரையும் இரும்பையும் சேர்த்து ஒட்டுறதுக்கு இதத்தானே தங்கச்சி போடுற’ என்று ஸ்டெயின்லெஸையும் சாதாரண இரும்பையும் இணைத்த ஒரு கேற்றைக் காட்டினார். கம்பியே போடாமல் ஒரே இடத்தில் ஐந்து விநாடி வில்லை நிறுத்தி எடுக்கச் சொன்னதுதான் அவருக்கு விளங்கவில்லை. ‘நானா, ஒட்ட வேண்டாம், உருக்கினால் மட்டும் போதும்’ என்றார் மாணவி. டோர்ச்சைக் கையில் பிடித்தால் உயரம் மாறும் என்பதால் ஒரு பழைய துளையிடும் ஸ்டாண்டில் கட்டிவைத்தார்கள். 150 அம்பியர். மாலையில் மின்னழுத்தம் விழுந்து மின்னோட்டம் நிலைக்காததால் காலையில் செய்ய வேண்டியிருந்தது. நேர்மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீற்றர் கேபிளிலேயே தொங்கியது. கச்சான் காற்று ஆர்கனை அடித்துக்கொண்டு போகாமல் ஒரு பக்கம் படங்கு.

தகட்டின் மேலிருந்த கருநிற ஆலைச் செதிலைச் சாணை பிடித்து எடுத்த பிறகுதான் வில் போடுவேன் என்று கடைக்காரர் நின்றார். செதில் ஒட்சைட்டு; அதோடு உருக்கினால் ஒட்சிசன் குளத்துக்குள் போகும். மாணவி இரண்டு விதமாகவும் எடுக்கக் கேட்டார்: சில பொட்டுகள் பளபளவென்று தீட்டிய இடத்தில், சில செதிலின் மேலேயே. பிறகு துண்டுகளை ஹக்ஸோவால் அறுத்து, அரத்தாளில் படிப்படியாகத் தேய்த்து, இரசாயன ஆய்வுகூடத்தில் அற்ககோலில் கலந்த ஐதான நைத்திரிக்கமிலத்தால் அரித்துப் பார்த்தார்கள். செதில் மேல் எடுத்த பொட்டு ஒடுங்கி ஆழமாக இருந்தது. தீட்டிய இடத்துப் பொட்டு அதைவிட அகலம். வில்லும் மின்னோட்டமும் நேரமும் ஒன்றே. உக்ரேனின் பற்றன் நிறுவனம் 1960களில் ஒட்சைட்டுப் பொடி பூசி டிக் வெல்டிங்கின் ஆழத்தைக் கூட்டியதும் இதே வழியில்தான்.

ஒரு சின்னக் குறிப்பு, இங்கே செய்கிறவர்களுக்கு: அரித்த முகத்தைக் கடற்காற்றில் திறந்து வைத்தால் மறுநாள் கறள் பிடித்துவிடும். படம் எடுத்த கையோடு நிறமில்லா நகப்பூச்சைப் பூசிவிடுங்கள்.

தீட்டிய இடத்துப் பொட்டைச் சிமுலேஷனோடு ஒப்பிட்டபோது, தூய இரும்பின் மாறிலி குளத்தை மிக அகலமாகவும் ஆழமில்லாமலும் காட்டியது. 0.012% கந்தகத்தோடு சூத்திரத்தைப் போட்டதும் அகலமும் ஆழமும் அளவுக்குக் கிட்ட வந்தன. இதில் எதுவும் திருகப்படவில்லை; கந்தகத்தின் அளவு சான்றிதழில் இருந்ததே.

பின்னர் நடந்தது

மூன்று மாற்றத்தோடும் கலப்பு வெல்டிங் மறுபடி ஓடியது. மேல் அகலம் சரியாயிற்று. ஆனால் கந்தகம் ஓட்டத்தை நடுவுக்கு இழுத்துக் கீழே தள்ளியதால் அடியில் நிக்கல் 0.8இலிருந்து 1.1க்கு ஏறியது. ஆழமும் 5.9 மி.மீ. மட்டுமே, பரிசோதனையின் 6.5ஐ விட ஏறத்தாழ 9% குறைவு. பழைய மாதிரி 6.4 தந்திருந்தது.

இங்கே கருத்து பிரிந்தது. ஆழத்தில் பின்னால் போன மாதிரியை முன்னேற்றம் என்று எப்படி எழுதுவது என்று வெளிநாட்டு இணை மேற்பார்வையாளர் கேட்டார். உறிஞ்சலைக் கொஞ்சம் உயர்த்திப் பொருத்தச் சொன்னார். கந்தகத் திருத்தத்தை விட்டுவிட்டால் நிக்கல் இன்னும் நெருங்குமே என்ற யோசனையும் வந்தது. மாணவி இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை. கந்தகத்தின் விளைவைத் தனிப் பரிசோதனையில் கண்ணால் பார்த்துவிட்டு, எண் அழகாக இல்லை என்பதற்காக அதை எடுக்க முடியாது என்பது அவர் வாதம். உள்ளூர் மேற்பார்வையாளரும் நானும் அவர் பக்கம். ஆனாலும் எங்கள் வாதத்தால் முடிவாகவில்லை, அடுத்த தொகுதிதான் முடித்துவைத்தது.

இரண்டாம் தொகுதியில் இரண்டு தகடுகள், நடுவில் 0.4 மி.மீ. இடைவெளி. மற்றெல்லாம் அதேபடி. அளவீடு வருவதற்கு முன்பே பழைய மாதிரியையும் புதியதையும் எதையும் தொடாமல் ஓட்டி, விடைகளை எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவைத்தார்கள். பழையது: அடியில் நிக்கல் 3.0, அதாவது இடைவெளியால் மாற்றமே இல்லை. ஏற்கெனவே சமமாகக் கலந்துவிட்ட குளத்தில் இனி என்ன மாறும்? புதியது: 1.1இலிருந்து 1.8. இடைவெளியின் கனவளவை நிரப்ப மேலிருந்து உலோகம் இறங்கித்தான் ஆக வேண்டும் என்பதே காரணம். பரிசோதனையில் வந்தது ஏறத்தாழ 2.

இணை மேற்பார்வையாளர் அதன்பிறகு ஆழத்தைப் பற்றிப் பேசவில்லை. ஆய்வேட்டில் புதிய மாதிரியே சென்றது, ஆழத்தின் 9% குறைவும் முதல் அட்டவணையிலேயே. பழைய மாதிரியின் படமும் பின்னிணைப்பில் இருக்கிறது. அது இல்லாவிட்டால் புதியதற்கு ஏன் இத்தனை பாடு என்பது வாசிப்பவருக்கு விளங்காது.

மறுபடி செய்தால்

நிக்கல் அளவீடு முதல் மாதமே கேட்கப்பட்டிருக்க வேண்டும். நுணுக்குக்காட்டி வரிசை நீளம் என்பது உண்மை. ஆனால் 309எல் கம்பியைத் தெரிந்தெடுத்ததே அந்த அளவீட்டுக்காகத்தான். அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டுக் குறுக்குவெட்டுப் படத்தோடு திருப்திப்பட்டது ஒழுங்கு தப்பிய வேலை. தகட்டின் சான்றிதழும் அப்படியே: கந்தகம் எவ்வளவு என்ற கேள்வி மாதிரியைக் கட்டத் தொடங்கும் அன்றே எழ வேண்டியது.

பொருத்தி எடுத்த எண்ணையும் கணித்து எடுத்த எண்ணையும் ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கம் போடுவதை இந்தக் குழு நிறுத்திவிட்டது. இப்போது இரண்டுக்கும் தனித்தனி அட்டவணை. மேலும், மென்பொருளோடு வரும் மாதிரிக் கோப்பிலிருந்து எடுத்த ஒவ்வொரு எண்முறைத் தெரிவுக்கும் பக்கத்தில் ஒரு வரி விளக்கம் எழுத வேண்டும் என்று மாணவி தனக்கு ஒரு விதி வைத்திருக்கிறார். நான் பார்த்தவரை ஆட்கள் சிக்குவது பெரிய பௌதிகத்தில் அல்ல. யாரோ எழுதிய மாதிரிக் கோப்பில் கிடக்கும் அந்த ஒரு வரியில்தான்.

தனியாக்கிப் பார்க்கும் பரிசோதனையை உள்ளூரில் செய்யலாம் என்பது ஆரம்பத்தில் யாருக்கும் தோன்றவில்லை. லேசர் இல்லை என்பதாலேயே பரிசோதனை எல்லாம் அங்கே, கணக்கு எல்லாம் இங்கே என்று பிரித்துவைத்திருந்தோம். டிக் பொட்டு அந்தப் பிரிவைக் கொஞ்சம் உடைத்தது. ஆனால் எல்லாவற்றையும் இப்படிச் செய்ய முடியாது. துளி விழும் விதத்தை இங்கே சரிபார்க்கலாமா என்றும் யோசித்தோம். நாங்கள் விசாரித்த கடைகளில் கம்பி வெல்டிங்குக்கு இருந்தது தனிக் காபனீரொட்சைட்டு. அதில் துளி பெரிதாகிச் சிதறும், ஆர்கன் கலவையில் வரும் நுண்துளிப் பாய்ச்சல் கிடைக்காது. ஒப்பிட முடியாத ஒன்றைச் செய்து படம் காட்டுவதைவிட விட்டுவிடுவது மேல் என்று விட்டோம்.

மீதியும் இருக்கிறது. முதல் தொகுதியில் 1.1க்கும் 0.7க்கும் இடையிலான வித்தியாசம் தீரவில்லை. பாதுகாப்பு வாயுவில் இருந்த 2% காபனீரொட்சைட்டு குளத்துக்குக் கொடுக்கும் ஒட்சிசன் மாதிரியில் இல்லை. சாவித்துளையிலிருந்து மேலே பாயும் ஆவி பின்சுவரை உரசி மேலே இழுப்பதும் இல்லை. ஆழக் குறைவுக்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாம் என்பது மாணவியின் ஊகம். ஆவியின் வேகம் உலோகத்தின் வேகத்தைவிடப் பல மடங்கு என்பதால் நேரப்படி இன்னும் சுருங்கும்; கணினித் தொகுதியில் அதற்கான நேரத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். காத்தான்குடிக் கடையில் மிஞ்சிய தகட்டுத் துண்டுகள், ஒவ்வொன்றிலும் கந்தக அளவு எழுதி ஒட்டி, அப்படியே இருக்கின்றன.